செல்லக்கிளி கடை ரெகுலேட்டர்

"அந்தப் பொம்பளை திருடிங்கம்மா. இன்னைக்குச் சாயங்காலம் கூட்டத்துல நீங்க அதைச் சொல்லியே ஆகணும்."

அறவாழி வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வேட்டி மடிப்பில் கிரீஸ் அப்பியிருந்தது.

மடத்துத் தலைவியான அம்மை கீரைப் பாத்தியில் உட்கார்ந்து களை பறித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"எந்தப் பொம்பளைங்கண்ணா?"

"பஸ் ஸ்டாண்டுல ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வெச்சிருக்காளே, செல்லக்கிளி. அவதான். நம்ம டிராக்டருக்கு அவகிட்ட ரெகுலேட்டர் வாங்கினேன். வேலை செய்யலை. மாத்திக் கேட்டேன், மாத்திக் கொடுத்தா. அதுவும் வேலை செய்யலை. ரெண்டும் டூப்ளிகேட். கொடுக்கும்போது சிரிச்சாம்மா! மடத்துக் காரியத்துக்கு வாங்குறதுன்னு தெரிஞ்சும் சிரிச்சுக்கிட்டே கொடுத்தா."

"சிரிச்சா டூப்ளிகேட்டுங்களா?"

"அம்மா!"

அறவாழி மின்பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலைக்கு இருந்த காலத்தில் அவர் குரல் உயர்ந்தால் அலுவலகத்தில் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றும் என்பார்கள். மனைவி இறந்த பிறகு, பாறைக் கரட்டு அடிவாரத்தில் இருந்த இந்த மடத்துக்கு வந்து சீடராகிவிட்டார். அம்மையைவிட வயதில் மூத்தவர். அதனால் அம்மை அவரை அண்ணா என்றே கூப்பிடுவார். அது மரியாதையா கிண்டலா என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

மடத்தில் ஒரு பழைய தோட்ட டிராக்டர் இருந்தது. மலைமேல் எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன ஒருவர் கொடுத்தது. கழுதை உயரம்தான் இருக்கும். ஆனால் தண்ணீர்த் தொட்டியை இழுத்துக்கொண்டு கரட்டில் ஏறிவிடும். மேலே வேம்பும் புங்கனும் நட்டிருந்தார்கள். சித்திரை வெயிலில் அந்தக் கன்றுகளுக்கு டிராக்டர்தான் தாய்ப்பால்.

அந்த டிராக்டர்தான் பேட்டரி செத்துப்போய் நின்றுவிட்டது.

"கன்னெல்லாம் வாடுதும்மா. குடத்துல தூக்கி எத்தனை பேர் ஊத்துவாங்க? யார் செஞ்ச பாவம் இது? அவ செஞ்ச பாவம்."

அம்மை ஒரு கோரையை வேரோடு இழுத்தார். அது பாதியில் அறுந்தது.

"நான் என்னன்னு சொல்லோணும்?"

"அந்தக் கடையில யாரும் எதையும் வாங்காதீங்கன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

பௌர்ணமிக் கூட்டத்துக்குச் சுற்று வட்டாரத்து விவசாயிகள் எல்லாரும் வருவார்கள். மோட்டார் வைத்திருப்பவர்களும் டிராக்டர் வைத்திருப்பவர்களும்தான் அதில் முக்கால்வாசி. அம்மை ஒரு சொல் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

"நான் சொன்னா அந்தக் கடை நிக்குமுங்களா?"

"நிக்காது."

"நிக்கக் கூடாதுங்கறீங்க."

"கூடாதும்மா."

"அவங்க வீட்டுல அடுப்பு?"

"திருடிச் சம்பாதிச்ச அரிசி வேகலைன்னா யாருக்கு என்ன நட்டம்?"

அம்மை கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சரிங்கண்ணா. சொல்றேன்."

அறவாழிக்கு அந்தப் பதில் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று தோன்றியிருக்கவில்லை.

"காட்டுங்க," என்றார் அம்மை.

"எதைங்க?"

"நான் சொல்லப்போறதை."

இது அம்மையிடம் இருந்த ஒரு கிறுக்கு. மடத்தில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து ஊரில் மழை என்று யாராவது வந்து சொன்னால், 'அப்படீன்னு நீங்க சொல்றீங்க' என்பார். நனைந்த சட்டையோடு வந்து நின்றால் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'சட்டை நனைஞ்சிருக்கு' என்பார். மழை என்று அப்போதும் சொல்ல மாட்டார்.

"அம்மா, இது கரண்ட் விஷயம். உங்களுக்குக் காட்டினா என்ன தெரியும்?"

"தெரியாதுங்க. ஆனா சொல்லப்போறது நானுங்களே."

அறவாழி பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார்.

டிராக்டர் பச்சைப்பசேலென்று நின்றது. புதுப் பெயின்ட். வாசனைகூட இன்னும் போகவில்லை. அறவாழி மூடியைத் தூக்கி, உள்ளங்கை அகலத்தில் இருந்த ஒரு உலோகக் கட்டையைக் காட்டினார். அதுவும் பச்சையாகத்தான் இருந்தது.

"இதுதான் ரெகுலேட்டர். இன்ஜின் ஓடும்போது அடியில கரண்ட் உண்டாகும். அது கூடும், குறையும். இது அதை அளவு பண்ணி பேட்டரிக்கு அனுப்பணும். இவ கொடுத்தது அனுப்பலை."

"கரண்ட் எதுல வருது?"

"இந்த ரெண்டு மஞ்சள் ஒயர்ல."

அம்மை இரண்டு மஞ்சள் ஒயர்களையும் விரலால் பிடித்து, அவை இன்ஜினுக்குள் போய் மறையும் இடம் வரைக்கும் தடவிக்கொண்டு போனார்.

"வருதுங்களா?"

"வருது. மீட்டர் வெச்சுப் பார்த்தாச்சு."

"அப்புறம்?"

"இந்தச் சிவப்பு ஒயர்ல பேட்டரிக்குப் போகணும். போகலை. இன்ஜின் என்னதான் உறுமினாலும் பேட்டரியில பன்னெண்டு வோல்ட்டைத் தாண்ட மாட்டேங்குது. இணைப்பெல்லாம் புதுசு. ஒவ்வொண்ணையும் நானே பற்றவெச்சேன். ஒயரிங் படத்தைப் பார்த்து, ஒண்ணுக்கு ரெண்டு தடவை சரிபார்த்து. என் வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது."

அம்மை சிவப்பு ஒயரையும் கடைசி வரைக்கும் தடவினார். பேட்டரியில் வந்து விரல் நின்றது.

"இங்க வந்த கரண்ட் இங்கயே தங்கிருங்களா?"

"தங்காது. அது திரும்பிப் போகணும். சுத்தி வந்தாத்தான் கரண்ட்."

"எங்க போகோணும்?"

"ரெகுலேட்டருக்கே திரும்பணும்."

"அதுக்கு ஒயர் எங்கீங்க?"

அறவாழிக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தின் நடுவே வந்த சிரிப்பு, அதனால் கொஞ்சம் சத்தமாகவே வந்தது.

"அதுக்கு ஒயரே கிடையாதும்மா. பேட்டரியோட கறுப்புக் கம்பி வண்டியோட உடம்புல மாட்டியிருக்கு. ரெகுலேட்டரும் வண்டி உடம்புலதான் உட்கார்ந்திருக்கு. இரும்புதான் ஒயர். உடம்பு வழியாவே திரும்பிரும். எர்த்துன்னு சொல்றது அதைத்தான்."

"இந்தக் கட்டை வண்டியைத் தொட்டிருக்குங்களா?"

"தொடாம? போல்ட் போட்டு முறுக்கியிருக்கேன். நீங்க ஏறி நின்னாலும் அசையாது."

"முறுக்கியிருக்குன்னு தெரியுதுங்க. தொட்டிருக்கா?"

"அம்மா, நீங்க என்னைச் சந்தேகப்படுறீங்களா, அவளையா?"

"நான் இன்னும் யாரையும் சந்தேகப்படலீங்க. மூணு ஒயரைத் தடவிட்டேன். நாலாவதைத் தடவறதுக்குத்தான் தேடுறேன்."

அறவாழி மீட்டரை எடுத்தார். எடுத்த வேகத்தில் அதன் உறை மண்ணில் விழுந்தது. இரண்டு முனையும் இரும்பால் இணைந்திருந்தால் அந்த மீட்டர் கூவும். மீட்டர் ஒயரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் கறுப்புக் கம்பியில் வைத்தார். இன்னொன்றை ரெகுலேட்டரின் மேல் அழுத்தினார்.

மீட்டர் கூவவில்லை.

"பெயின்ட் மேல வெச்சா எப்படி அடிக்கும்?" என்று மீட்டரையே அதட்டினார்.

கட்டையின் ஓரத்தில் கத்தியால் கீறி, வெள்ளி போல மின்னிய இடத்தில் முள்ளை வைத்தார்.

மீட்டர் அப்போதும் கூவவில்லை.

இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொடவைத்தார். 'பீ' என்று கத்தியது. மீட்டர் நன்றாகத்தான் இருந்தது.

மறுபடியும் ரெகுலேட்டரில் வைத்தார். அமைதி.

கொட்டகைக் கூரையில் ஒரு அணில் ஓடியது. அம்மை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறவாழி ஸ்பானரை எடுத்துப் போல்ட்டைக் கழற்றினார். ரெகுலேட்டரைத் தூக்கினார். அடியில் ஒரு ரப்பர் வாஷர். மேலேயும் ஒரு ரப்பர் வாஷர். போல்ட் போகும் துளைக்குள்ளே வழவழவென்று பச்சைப் பெயின்ட்.

அதையெல்லாம் போட்டது யார் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. மடத்தில் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு டிராக்டருக்குப் பெயின்ட் அடிப்பது வழக்கம். போன வருஷம் அடிக்காமல் விட்டுப்போயிருந்தது. அதனால் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிய கையோடு வண்டி முழுக்க அறவாழியே பச்சை அடித்தார். பழையது உட்கார்ந்திருந்த இடம் மட்டும் வெறும் இரும்பாக இருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அதிலும் அடித்தார். புதிய கட்டை வெளுத்துப் பல்லிளிக்கிறதென்று அதற்கும் அடித்தார். போல்ட் முறுக்கும்போது பெயின்ட் உரிந்துவிடக் கூடாதே என்று ரப்பர் வாஷர் தேடிப்பிடித்துப் போட்டார். முதல் ரெகுலேட்டருக்கும் அப்படித்தான். இரண்டாவதற்கும் அப்படித்தான்.

பூஜை சாமான் போல வண்டி மின்னியது. ரெகுலேட்டர் வண்டியில் உட்கார்ந்திருந்தது. வண்டியைத் தொடவில்லை.

"படத்துல இதை எழுதியிருக்கணுமா இல்லையா?" என்றார் அறவாழி. குரல் கிறீச்சிட்டது. "அடியில பெயின்ட் இருக்கக் கூடாதுன்னு ஒரு வரி! ஒரே ஒரு வரி! எழுதினா என்ன குறைஞ்சிரும்?"

அறவாழி ரப்பர் வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படிச்சவங்க போடுற படமா இது?"

அம்மை கொட்டகைச் சுவரில் செருகியிருந்த உப்புத்தாளை எடுத்து அவரிடம் நீட்டினார்.

அறவாழி தேய்த்தார். ஓரங்களில் பச்சைக்கு அடியில் மஞ்சள் வந்தது. மஞ்சளுக்கு அடியில் நீலம். அப்புறம் ஒரு சிவப்பு. ஒவ்வொரு பூஜையும் ஒவ்வொரு நிறமாக வந்து போனது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. நடுவில் பச்சை மட்டும் போய் இரும்பு வந்தது. ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரெகுலேட்டரின் அடியையும் தேய்த்து, இரும்போடு இரும்பாக வைத்து முறுக்கினார்.

மீட்டர் கூவியது.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரவல் வாங்கிய பேட்டரியால் இன்ஜினைக் கிளப்பினார். கிளம்பியதும் இரவலைக் கழற்றிவிட்டு மீட்டரைப் பார்த்தார். எண் பன்னிரண்டில் இருந்து நகர்ந்தது. பதிமூன்று. பதிமூன்றரை. பதினாலுக்குக் கிட்டே போய் நிதானமாக நின்றது.

அறவாழி இன்ஜினை நிறுத்தினார். துணியால் கையைத் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார்.

"அப்ப சரிங்கம்மா. கூட்டத்துல நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். விட்டுருங்க."

"எதைங்கண்ணா விடறது?"

"அதான், செல்லக்கிளி விஷயம். முடிஞ்சு போச்சே."

"நீங்க அதை எங்கெங்க சொன்னீங்க?"

அறவாழி துணியை மடித்தார்.

"நேத்து அவ மூஞ்சிக்கு நேராத்தான் சொன்னேன். பின்னாடி பேசுற பழக்கம் எனக்குக் கிடையாது."

"கடைக்கு உள்ள நின்னுங்களா?"

"வெளிய நின்னு."

அம்மை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பஸ் ஸ்டாண்ட் போகும் பாதை அது.

"அம்மா, உச்சி வெயில்! சாயங்காலம் கூட்டம் வேற இருக்கு."

"அங்க சொல்றதுக்குத்தான் ஒண்ணும் இல்லைன்னீங்களே."

வழி நெடுக அறவாழி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தார். நடுநடுவே ஒத்திகை கோபமாக மாறியது. அவளும்தான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சார் வண்டிக்கும் பெயின்ட் கியின்ட் அடிச்சீங்களான்னு? கடைக்காரிக்கு அந்தப் பொறுப்பு இல்லையா?

செல்லக்கிளி கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு ஹாரனைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அறவாழியைப் பார்த்ததும் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"வாங்க சார். மூணாவது வேணுங்களா?"

பக்கத்து டீக்கடையில் தலைகள் திரும்பின.

"சாமியாரம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்துட்டீங்களாட்டம் இருக்குது. பத்தாதுன்னா போலீசையும் கூப்பிடுங்க. திருடியைப் பிடிக்க ரெண்டு பேர் எப்படிப் போதும்?"

"அப்படி இல்லம்மா. நான் விளக்கத்தான் வந்தேன்."

"விளக்குங்க."

அறவாழி தொண்டையைச் செருமினார். டீக்கடைக்காரருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"விஷயம் என்னன்னா, இந்த மாதிரிப் பழைய வண்டிகள்ல ரெகுலேட்டரோட வெளி உடம்புதான் எர்த். அந்தப் பாதையில ஒரு தடை உண்டாகியிருக்கு. பெயின்ட் ஒரு காப்புப் பொருள். ரப்பரும் அப்படித்தான். படத்திலயும் இதைச் சரியா குறிப்பிடலை. ஆக மொத்தத்துல, பொருள்ல குறை இருக்கிற மாதிரி ஒரு தோற்றம் வந்திருக்கே தவிர..."

டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அப்பப் பெயின்ட்டுக் கடைக்காரன்தான் திருடனுங்களா?"

யாரோ சிரித்தார்கள்.

"நீ சும்மா இருப்பா," என்று அறவாழி சீறினார். "புரியாம நடுவுல பேசாதே. எர்த்துங்கறது என்னன்னா..."

"சார்," என்றாள் செல்லக்கிளி.

அவள் எழுந்து நின்றிருந்தாள். குரல் உயரவில்லை. முகம் மட்டும் சிவந்திருந்தது.

"நேத்து நீங்க சொன்னது ஒரே வார்த்தை. இன்னைக்கு எதுக்குங்க இத்தனை?"

அறவாழி வாயைத் திறந்தார். அடுத்து வைத்திருந்தது காப்புப் பொருள்களைப் பற்றிய இன்னொரு வரி. அதை விட்டுவிட்டார்.

அவர் அம்மையைத் திரும்பிப் பார்த்தார். அம்மை பயணிகள் உட்காரும் சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்து, காலில் குத்திய நெருஞ்சியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க திருடி இல்லம்மா," என்றார் அறவாழி. "ரெண்டும் நல்ல பொருள். நான்தான் தப்பா மாட்டினேன். மாட்டிட்டு உங்களைத் திருடின்னு சொன்னேன்."

டீக்கடையில் கிளாஸ் கழுவும் சத்தம் நின்றது.

செல்லக்கிளி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் எதிர்பார்த்த எதுவும் அந்த முகத்தில் வரவில்லை.

"யாருக்குங்க சொல்றீங்க இதை?"

"எல்லாருக்கும்தான். இங்க இருக்கிற எல்லாருக்கும்."

"இங்க இருக்கிறவங்க தினம் என்னைப் பார்க்கிறவங்க. இவங்க நேத்தே நம்பலை." அவள் பஸ் ஸ்டாண்டின் வெறும் தார்த்தரையைக் காட்டினாள். "நீங்க கத்துனப்ப அங்க அந்தியூர் பஸ் நின்னுச்சு. ஜன்னலுக்கு ஜன்னல் தலை. எங்க அம்மா ஊர்க்காரங்க, என்கிட்ட மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுக்கிறவங்க, எல்லாம் எட்டிப் பார்த்தாங்க. நீங்க திருடின்னு சொல்லி முடிக்கவும் கண்டக்டர் விசில் ஊதவும் சரியா இருந்துச்சு. நான் பதில் சொல்றதுக்குள்ள பஸ் போயிருச்சு. அவங்க ஊர் ஊரா இறங்கி என்ன சொல்லிட்டிருக்காங்களோ, அவங்களுக்கு யாருங்க சொல்லுவா?"

"அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?" அறவாழியின் குரல் மறுபடியும் ஏறியது. "போன பஸ்ஸை நிறுத்த முடியுமா? ஒரு மனுஷன் தப்பை ஒத்துக்கிட்டு நடுத்தெருவுல நிக்கிறேன். இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு? அம்மா, நீங்களே சொல்லுங்க. இது நியாயமா?"

அந்தியூர் பஸ் உள்ளே திரும்பி வந்து, பெஞ்சுக்கு முன்னால் புழுதியோடு நின்றது. கூட்டம் இடித்துக்கொண்டு ஏறியது. கூடைகள், உரச் சாக்குகள், ஒரு கோழி.

அம்மை நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். பஸ் படிக்கட்டுக்குப் போக வழி கிடைத்தது.

அறவாழி கொஞ்ச நேரம் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஏறினார்.

உள்ளே ஜன்னலுக்கு ஜன்னல் தலை.

"டிக்கெட் எந்த ஊருக்குங்க சார்?" என்றார் கண்டக்டர்.

"பஸ் நிக்கிற ஊருக்கெல்லாம்."